சின்னச் சத்தங்களைத் தூக்கிவிடும் பெட்டி

காபியில் சர்க்கரை போதுமா, சார்? நான் போட்டுக்கொள்வதில்லை, அதனால் கை அளவு மறந்துவிட்டது. வேண்டுமானால் டப்பா அங்கே அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

கேளம்பாக்கத்திலிருந்து இந்த வெயிலில் மாமல்லபுரம் வரை பைக்கில் வந்திருக்கிறீர்கள், அதுவும் ஒரு பழைய தகரப் பெட்டிக்காக. ஸ்ரேயாஸ் என்று போனில் சொன்னபோது எவனோ காலேஜ் பையன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். நீங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீமையே நடத்துகிறவர், ஃபிளாட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர். இந்த மாடல் கம்ப்ரஸரைப் பற்றி யாரோ வெள்ளைக்காரன் இன்டர்நெட்டில் ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறான் என்கிறீர்கள். எழுதட்டும். எனக்கு அது தொண்ணூற்று மூன்றிலேயே தெரியும். பதின்மூன்று வருஷம் கழித்து அவன் கண்டுபிடித்திருக்கிறான், பாவம்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஏசுதாஸ் என்று ஒருவர் காயலான் கடை வைத்திருந்தார். சென்னையில் ஏதோ ஒரு ஸ்டுடியோவை இழுத்து மூடி, சாமான்களை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்ட் எல்லாம் மறுநாளே பறந்துவிட்டன. இது மட்டும் எடைத்தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. “இன்னா சார், அத்தினி சாமான் கீது, இத்தப் போயி தூக்கினு போறியே. ஒரு பய சீந்தல, தெரிமா?” என்றார். கேட்ட காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். கல்பாக்கத்தில் எனக்கு மீட்டர்களைப் பழுது பார்க்கிற வேலை. மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பெட்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். கடற்கரைக் காற்று பட்ட பிறகும் உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை.

ஸ்டுடியோக்காரர்கள் ஏன் இதை ஒதுக்கினார்கள் என்றும் தெரியும். கம்ப்ரஸர் என்றால் பெரிய சத்தத்தை அமுக்க வேண்டும், சின்னச் சத்தத்தைத் தூக்கிவிட வேண்டும். இதுவும் செய்யும். ஆனால் அமுக்கிய கையை எடுக்க இரண்டு நொடி யோசிக்கும். அந்த இரண்டு நொடியில் அடியில் கிடக்கிற சத்தமெல்லாம் மெல்ல மேலே ஏறி வரும். பாடுகிறவர் மூச்சு, உதடு பிரிகிற ஓசை, புடவை சரசரப்பு எல்லாம். அவர்களுக்கு அது குறை. வீட்டில் சாதாரண மைக்கை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவனுக்கு அது வரம்.

என் மனைவி சங்கரிக்காகத்தான் வாங்கினேன். அவளுக்குக் கீழ் ஸ்தாயியில் குரல் காற்றாகப் போய்விடும், மேலே போனால் டேப் மீட்டரின் முள் எகிறிவிடும். இந்தப் பெட்டி இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தது. பின்கட்டு அறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து மாட்டினேன். இந்தத் தெருவில் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள், பார்த்திருப்பீர்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்தால் இரண்டு மணிக்குத்தான் மறுபடியும் உளியை எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அப்படிச் சேர்த்துச் சேர்த்து இரண்டு பக்திப்பாட்டு கேசட் கொண்டுவந்தோம், சார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் டீக்கடைகளில் ஓடியது.

அறைக்குள் போகும்போது சத்தம் போடுகிற எதுவும் கூடாது என்பது என் சட்டம். வளையல், கொலுசு எல்லாவற்றையும் வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டில் கழற்றி வைப்பாள். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. இன்ஹேலரை இடுப்பில் செருகியிருந்தால் அசையும்போது லொடலொடவென்று கேட்கும், அதனால் அதுவும் தட்டில்தான். கதவு உப்புக்காற்றில் உப்பிப்போய்ச் சரியாக உட்காராது. வெளியே தாழ்ப்பாள் போட்டால்தான் இறுகும். போட்டுவிட்டு நான் பக்கத்து அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் முகம் மாறுகிறது. தெருமுனை டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள், அவர்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார்கள். அவள் கதவைத் தட்டியதை இந்தப் பெட்டி அமுக்கிவிட்டது, புருஷனுக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு மோசமான பெட்டி என்று. அப்படித்தானே? தப்பில்லை, நான்தான் அப்படிச் சொன்னேன். அவள் இறந்த அன்றைக்கு இன்ஸ்பெக்டருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, கான்ஸ்டபிளைக் கதவில் தட்டச் சொன்னேன். ஒரு குமிழை முழுசாகத் திருப்பி வைத்திருந்தேன். அவருக்கு என்னவோ சுவர்க்கோழி மாதிரி கேட்டதாம். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது வருஷமாக ஊரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும், சார். ஆனால் இவ்வளவு தூரம் வந்த ஒரு விஷயம் தெரிந்த மனிதர் இந்தப் பெட்டியில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. இதில் கோளாறே கிடையாது.

தொண்ணூற்றேழில் சென்னையிலிருந்து ஜெயகிருஷ்ணன் என்று ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். இரண்டாவது கேசட்டைக் கேட்டிருக்கிறார். குரல் நன்றாக இருக்கிறது, யாரோ போட்டுப் பிசைந்துவிட்டார்கள் என்றார், என் எதிரிலேயே. பாடிப் பார்க்க அவளை ஒரு நாள் சென்னைக்கு வரச் சொன்னார். போனாள். அங்கே பாடியதை ஒரு கேசட்டில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

கேட்டேன். குரல் கீழே இறங்கியபோது இறங்கியது, ஏறியபோது ஏறியது. சில இடங்களில் கிட்டத்தட்டக் காணாமல் போய்த் திரும்பி வந்தது. நன்றாக இருந்தது, சார். அதுதான் பிரச்சினை. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளை அந்தக் கேசட்டில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு.

“அந்தப் பெட்டி இல்லாம பாடறது தொண்டையத் தொறந்து வுட்ட மாதிரி கீதுங்க” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், குத்திக்காட்ட இல்லை. மூன்று மாதம் சென்னையில் அக்கா வீட்டில் தங்கிப் பாடிக் கொடுப்பதாகப் பேச்சு. மூன்று மாதம்தானே என்று என்னைத் தேற்றினாள். மூன்று மாதம் அப்படிப் பாடியவள் திரும்பி வந்து இந்த மெத்தை அறைக்குள் எப்படி நிற்பாள்? வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ். அதற்கு முன்னால் எனக்காக ஒரே ஒரு பாட்டு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள். முதல் நாளே அறையில் மெத்தைகளை மாற்றியிருந்தேன். இன்னும் கொஞ்சம் கனமாக அடைத்தால் எதிரொலி குறையும் என்பதற்காக. பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகள், உறை கிழிந்தவை. தட்டாமல்தான் மாட்டினேன். தூசி அவளுக்கு ஆகாது என்பது தெரியும்.

ஒரு மணிக்கு உளிச் சத்தம் நின்றது. தட்டில் வளையல், கொலுசு, இன்ஹேலர். உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்டேன்.

இங்கேதான் இந்தப் பெட்டியின் அருமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு இழுப்பு வரப்போவது அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பாட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே மூச்செடுக்கிறாள் பாருங்கள், அதன் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு விசில் வரும். எந்த டாக்டர் குழாய்க்கும் அது அவ்வளவு சீக்கிரம் எட்டியிருக்காது, இது தூக்கிக் கொடுத்துவிடும். எத்தனையோ தடவை நான் டேப்பை நிறுத்திவிட்டு இன்ஹேலரோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறேன். எனக்கே தெரியல, ஒங்களுக்கு எப்பிடித் தெரியுது என்று ஆச்சரியப்படுவாள். அதில் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு இரண்டாவது சரணத்தில் அந்த விசில் வந்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. டேப் ஓடவில்லை என்று போலீசிடம் சொன்னேன், அது பொய்.

பாட்டை நிறுத்தினாள். “ஏங்க, இழுக்குது. தொறங்க” என்றாள். மைக்கில்தான் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி கேட்டது. பிறகு கதவுக்குப் போய்த் தட்டினாள். ஒவ்வொரு தட்டையும் பெட்டி அமுக்க, அதன் முள் இடது பக்கம் விழுந்து, இரண்டு நொடியில் நிதானமாக எழுந்தது. எழுகிறபோது அவள் மூச்சும் கூடவே எழுந்து வந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் கேட்டதே இல்லை. நடுவில் ஒரு தடவை எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். மரத்தில் அதிர்வு தெரிந்தது. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

தட்டுவது நின்ற பிறகு மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் நின்றதும் பெட்டி தூக்கிக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அறையின் ரீங்காரத்தைத் தூக்கிக் கொடுத்தது. இரண்டு மணிக்குப் பட்டறைகளில் வேலை ஆரம்பித்தது. அதற்கு மேல் டேப்பை ஓட்டிப் பிரயோஜனம் இல்லை. நிறுத்தி, உறையில் தேதி எழுதிவிட்டு, கதவைத் திறந்தேன். பிறகு சத்தம் போட்டுப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டேன்.

காபி ஆறிவிட்டது, வேறு போடட்டுமா? எழுந்திருக்கிறீர்களே. பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், விலை உங்கள் இஷ்டம். அந்த டேப்பை மட்டும் கேட்காதீர்கள். போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் சொல்கிறபோது சரியாகச் சொல்ல வேண்டும். கொன்றேன் என்றெல்லாம் பெரிய வார்த்தை போடாதீர்கள். என் விரல்கூட அவள் மேல் படவில்லை, சார். ரெக்கார்டிங்கைப் பாதியில் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.