கேள்வி நாற்காலி

— டீச்சர், இவ வாயவே தொறக்க மாட்டேங்குறா.

— கொஞ்சம் பொறுமை விமல். பிரின்சி, இது கேள்வி நாற்காலி. இதுல உக்காந்திருக்கிற வரைக்கும் நீங்க நாடகத்துல வர்ற சூப்பர்வைசர். தயவுசெஞ்சு அவராவே பதில் சொல்லுங்க.

— கேளுடா.

— யோவ் சூப்பர்வைசர், ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்குனாத்தான் பிரஸ் மிஷின் இறங்கும். ஒரு பட்டன்ல இன்னாத்துக்குயா மரக்கட்டைய சொருகுன?

— நான் சொருகல.

— சொருகுன. ஒரு கை சும்மா இருந்தா வேல ஜல்தியா ஓடும்னு சொருகுன. அந்தக் கை உள்ள மாட்டி ரெண்டு விரலு போச்சு. நான் எழுதுன வசனத்த ஒழுங்கா சொல்லு பிரின்சி.

— வசனம் இப்ப வேணாமே விமல். அந்த மனுஷர் மனசுல என்ன இருக்குன்னு பாக்கத்தான் இந்தப் பயிற்சி.

— மனசுல இன்னா இருக்கும் டீச்சர்? விரலு போனது இவன் அப்பாவுக்கு. அந்த சிப்காட் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தது எங்க அப்பா. வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க, ஒரு வருஷமா ஊட்லயே குந்திகினு இருக்காரு. ஆண்டு விழால ஊரே பாக்குறப்ப, பெத்த பொண்ணே 'ஆமா, நான்தான் சொருகுனேன்'னு சொல்லணுமா?

— ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க. நாடகத்தை வேற மாதிரி எழுதிப் பாக்கலாமா?

— அப்புறம் எழுதிக்கலாம் டீச்சர். மொதல்ல இவன உக்கார வைங்க, இவன் அப்பா அன்புவா. நான் எங்க அப்பாவா கேக்குறேன்.

— விமல், உங்களுக்குச் சம்மதமா?

— உக்காந்தா போச்சு. இவ இன்னா பெரிய போலீஸா?

— இன்னா அன்பு, கை எப்டிக்குது?

— ம். இப்ப வலி இல்ல சார்.

— அன்னிக்கு உன் மிஷினாண்ட நான் எத்தினி வாட்டி வந்தேன்?

— ஒரு வாட்டி.

— வந்து இன்னா பண்ணேன்?

— கட்டையப் புடுங்கிப் போட்டீங்க. திட்டுனீங்க.

— விமல், இது நீங்க எழுதுனதுல இல்லையே?

— எங்க அப்பா ஊட்ல சொன்னாரு டீச்சர். வெளிய சொல்லக் கூடாதுன்னாரு.

— நடுவுல பேசாதீங்க டீச்சர், ப்ளீஸ். நான் புடுங்கிப் போட்டேன் இல்ல, அப்புறம் எப்டி அன்பு?

— பாக்கெட்ல இன்னொண்ணு இருந்திச்சி சார். வேல ஜல்தியா ஓடும்னு அத சொருகுனேன்.

— பட்டன் சைசுக்கு அளவா சீவுன கட்டை. கம்பெனில கத்தி ஏது? யாரு சீவிக் குடுத்தது?

— டீச்சர், போதும் டீச்சர்.

— சொல்லு அன்பு. யாரு?

— இதுக்கு எங்க அப்பாவா இருந்து பதில் சொல்ல முடியாது பிரின்சி. ரெண்டையும் சீவிக் குடுத்தது நான்.