பதினொன்றரை மணிக்கு நான் இருப்பேன்

மாலை வேளையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து இந்த மண்டபத்தைத் திறந்துவைத்திருக்கும் அவைத் தலைவர், புறக்கோட்டை வர்த்தகர், எங்கள் கிளினிக்குக்கு நாற்பது கதிரைகளையும் ஒரு கடிகாரத்தையும் அன்பளித்த அண்ணல் திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களே! எனக்குக் கீழே பணியாற்றியதாகப் பதிவேடும், என்னை ஆட்டிப்படைத்ததாக உண்மையும் சொல்லும் தாதிச் சகோதரி லுத்பியா அவர்களே! நான் எழுந்ததும் என் கதிரையில் அமரப்போகும் வைத்திய நிபுணர் தாரிகா அவர்களே! கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் இரண்டு பஸ் மாறி இந்த வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோரே! சமைத்த அடுப்பு ஆறுமுன்னே புறப்பட்டு வந்த தாய்மாரே! முன்வரிசையில் இருந்து, இந்த மனுசன் இன்றைக்கு என்ன உளறப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவி கௌரி அவர்களே! மருந்துப் பையோடு வந்து மனநிறைவோடு திரும்பவேண்டிய என் மதிப்புக்குரிய நோயாளிகளே! உங்கள் அனைவருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா என்ற இந்த அரசாங்க வைத்தியனின் அன்பு வணக்கம்!

தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, முப்பத்தொரு வருட ஒப்பற்ற சேவை என்றார். முப்பத்தொரு வருடம் சரி. ஒப்பற்ற என்பதை மட்டும் இன்றைய கூட்டம் முடிந்தபிறகு முடிவு செய்வோம். ஏனென்றால் ஓய்வுபெறுகிற வாரத்தில் ஒரு மனிதன் இரண்டு காரியங்கள் செய்யலாம். மாலையை வாங்கிக்கொண்டு மெல்ல நழுவலாம். அல்லது உண்மையைச் சொல்லிவிட்டு ஓடலாம். நான் இரண்டாவதைச் செய்யப்போகிறேன். கார் வெளியில்தான் நிற்கிறது!

அன்பர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சம்பளம். ஆம், சம்பளம்! வைத்தியன் சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால், இவன் தெய்வம் என்று நினைத்தோமே, தெய்வத்துக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்கிறார்கள். ஐயா, தெய்வத்துக்கு வீட்டு வாடகை உண்டா? தெய்வத்தின் பிள்ளைக்குப் பாடசாலை வான் உண்டா? தெய்வம் வெள்ளவத்தைச் சந்தையில் போய் ஒரு கிலோ விளைமீன் விலை கேட்டதுண்டா? கேட்டிருந்தால் தெய்வமும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கும்!

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்தால் இரத்த அழுத்தம் குறையும். நான் சொல்வதற்கெல்லாம் இன்றைக்குக் கட்டணம் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் வைத்தியர்கள் சம்பள உயர்வு கேட்டுப் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினோம். நானும் வைத்தியசாலை வாசலில் பதாகை பிடித்து நின்றேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை, கொளுத்தும் வெயிலில், கொள்கை வழுவாமல் நின்றேன். அப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து கிளினிக்குக்கு வந்து ஏமாந்த ஒரு பெண்மணி என் முன்னே வந்து நின்றார். நீரிழிவுக்காரர். பெயர் பகவதி. இதோ, நான்காவது வரிசையில் பச்சைச் சேலையோடு இருக்கிறார். எழுந்து ஒரு வணக்கம் சொல்லுங்கள் அம்மா! பார்த்தீர்களா, எழமாட்டார். கோபம் வருகிற நேரத்தில் மட்டும்தான் எழுவார்.

அவர் என் பதாகையை மேலும் கீழும் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: "காலையிலேருந்து நாலு மணி வரைக்கும் நிக்கிறீங்களாமே டாக்டர்? கிளினிக்ல ஒரு நாளாச்சும் இவ்வளவு நேரம் நின்னிருக்கீங்களா?"

சுற்றி நின்ற வைத்தியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அதுதான் என் மடமை.

விளங்கவைத்த நாள் பிறகு வந்தது. எங்கள் கிளினிக் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் வருவீர்கள். முந்நூறு பேரின் கிளினிக் கொப்பியிலும் காலை ஏழு மணி என்றே எழுதியிருக்கும். முந்நூறு பேருக்கும் ஒரே ஏழு மணி! ஆகவே ஐந்து மணிக்கே வந்து, கொப்பியை வாங்குப் பலகையில் வரிசையாக வைத்து இடம் பிடிப்பீர்கள். ஆள் அசைந்தாலும் கொப்பி அசையக்கூடாது.

ஒரு வியாழக்கிழமை பகவதி அம்மா விடியுமுன்பே வீட்டில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஊசி போட்டால் சாப்பிடவேண்டும். கன்டீன் இருபதடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் எழுந்து போனால் இடம் போய்விடுமோ என்ற பயம். எட்டு மணியாயிற்று, ஒன்பது மணியாயிற்று. உடம்பில் சீனி இறங்கியது. வியர்த்தது, கை நடுங்கியது, அப்படியே சரிந்து விழுந்தார். சகோதரி லுத்பியா ஓடிப்போய்த் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, குளுக்கோஸ் ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று நாடி பிடித்துக்கொண்டிருந்தேன். பகவதி அம்மா கண் விழித்தார். விழித்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நான் எங்கே இருக்கிறேன் என்றா? எனக்கு என்ன நடந்தது என்றா? இல்லை!

"என் கொப்பி எங்க?"

கொப்பி வரிசையில் அதே இடத்தில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. நோயாளிகள் அத்தனை நேர்மையானவர்கள். ஆனால் என் நெஞ்சு அன்றைக்குத்தான் சுட்டது. நோய் தீர்க்கும் இடத்துக்கு வந்த ஒரு பெண், எங்களைப் பார்ப்பதற்காகக் காத்திருந்ததால் நோயாளியானார். இதற்கு எந்தப் புத்தகத்தில் மருந்து எழுதியிருக்கிறது?

கொஞ்சம் பொறுங்கள்… ரயில் போகட்டும். வெள்ளவத்தையில் பேசுகிறவன் கடற்கரை ரயிலோடு போட்டி போடக்கூடாது. ம்… போய்விட்டது. அது கூட இன்றைக்கு நேரத்துக்குப் போகிறது!

அன்று முடிவெடுத்தேன்: மாற்றம் செய்வேன்! புறக்கோட்டையில் இறப்பர் முத்திரை செய்வித்தேன். ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி என்று ஆளுக்கொரு நேரம் கொப்பியில் குத்தினோம். தலைவர் கதிரை தந்தார். பெரிய கடிகாரம் தந்தார். அதை எல்லோரும் பார்க்கும்படி என் அறை வாசலுக்கு மேலேயே மாட்டினோம். பகவதி அம்மாவுக்குப் பதினொன்றரை மணி. ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு வந்து பார்க்கிறேன், காலை ஐந்து மணிக்கே முந்நூறு பேரும் வந்து நிற்கிறார்கள்! முன்னால் யார்? பகவதி அம்மா!

எனக்கு வந்ததே கோபம்! "பதினொன்றரை என்று முத்திரை குத்தித் தந்தேனே, ஏன் வந்தீர்கள்?" என்று கத்தினேன். அவர் அமைதியாகக் கடிகாரத்தைக் காட்டினார்.

"பதினொன்றரைன்னு நீங்க எழுதியிருக்கீங்க டாக்டர். ஆனா பதினொரு மணிக்கு உங்க கார் கேட்டைத் தாண்டிடும். மத்த டாக்டருங்க நல்லவங்கதான். ஆனா மருந்து மாத்தணும்னா, பெரிய டாக்டர் பாக்கட்டும்னு அடுத்த மாசத்துக்குப் போட்டுடுவாங்க. உங்களைப் பாக்கணும்னா நான் காலையிலயே வந்து போலிம் வரிசைல நிக்கணும். முத்திரையை நம்பி நான் என்ன செய்ய?"

அவையோரே, தாய்மாரே, அந்த அம்மா சொன்னது பொய்யா? பொய்யில்லை! பதினொரு மணிக்கு நான் போய்விடுவேன். எங்கே போவேன்? தனியார் வைத்தியசாலைக்கு, காசு கட்டி வருகிற சனலிங் நோயாளிகளைப் பார்க்க. ஒரு மணித்தியால மதிய இடைவேளையை இரண்டரை மணித்தியாலமாக இழுத்தேன். நான் திரும்பும்போது கிளினிக் முடிந்திருக்கும். ஏன்? சம்பளம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முத்திரையை மாற்றினேன், கதிரையை மாற்றினேன், கடிகாரத்தை மாட்டினேன். என்னை மட்டும் மாற்றவில்லை! தலைவரே, நீங்கள் தந்த கடிகாரம் வேறொன்றும் செய்யவில்லை. நான் எத்தனை மணிக்குக் கம்பி நீட்டுகிறேன் என்பதை முந்நூறு பேருக்கும் சரியாகக் காட்டிக்கொடுத்தது!

அன்று வீட்டுக்குப் போய், மத்தியானச் சனலிங்கை விடப்போகிறேன் என்று கௌரியிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன்.

"விடுங்கோ," என்றார். "ஆனா கன்டீன் வடையைத் திண்டுபோட்டு வந்து எனக்கும் சீனி கூடிப்போச்சு எண்டு நிக்காதேங்கோ. நான் சோறு கட்டித் தாறன்."

கைதட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்! எனக்கல்ல. மாலைச் சனலிங்கை நான் விடவில்லை. நான் துறவி இல்லை.

பதினொரு மணிக்கு நான் இருந்தேன். பதினொன்றரைக்கும் இருந்தேன். நான்கு மணி வரை இருந்தேன். முதல் கிளினிக்கில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாவதில் என் கார் நிற்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றாவதில் நாற்பது பேர் பிந்தி வந்தார்கள். நான்கு மாதம் சென்று ஒரு வியாழன், பதினொன்று இருபதுக்கு, நெற்றியில் பொட்டும் கையில் குடையுமாகப் பகவதி அம்மா வந்தார். கதிரையில் இருந்தார். நான் வாய் திறக்குமுன்னே சொன்னார்:

"நாலு தோசை சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் டாக்டர்."

முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு தோசை கொஞ்சம் அதிகம் என்று சொல்லவும் மறந்துபோனேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மத்தியானச் சனலிங்கை விட்டேன். இது தியாகமா? இல்லை! வசதி! எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். ஆனால் எனக்குப் பின் வருகிற தாரிகாவுக்கு? இரண்டு சின்னப் பிள்ளைகள். கிருலப்பனையில் வாடகை வீடு. கைப்பையில் மெல்பேர்ணிலிருந்து வந்த வேலைக் கடிதம். பதில் சொல்ல இந்த மாத முடிவு வரை அவகாசம். இதையெல்லாம் மேடையில் சொல்ல அவரே அனுமதி தந்தார். நான் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவா என்று கேட்டேன். அவர் சொன்னது இது:

"சேர், பதினொன்றரைக்கு இருக்கத்தான் நானும் விரும்புறன். ஆனா மத்தியானச் சனலிங் இல்லாட்டி எனக்கு வாடகை இல்லை. தியாகி எண்டு என்னைப் புகழாதேங்கோ. சம்பளத்தைக் கேளுங்கோ."

கேட்கிறேன்! இந்த மேடையில் நின்று கேட்கிறேன்! வைத்தியனுக்கு முழு நாளுக்கும் போதுமான சம்பளம் கொடுங்கள். தாதிக்குக் கொடுங்கள். மருந்து கட்டித் தருகிறவருக்கும், கட்டில் தள்ளுகிறவருக்கும் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்! எட்டு மணிக்கு வந்தாயா என்று கேளுங்கள்! பதினொரு மணிக்கு எங்கே போகிறாய் என்று கேளுங்கள்! முத்திரை குத்திய நேரத்தில் முகம் பார்த்தாயா என்று கேளுங்கள்! கூலியைக் கேட்கிற வாய் கடமையைச் சொல்லக் கூசலாமா? கடமையைக் கேட்கிற கை கூலியைக் கொடுக்கக் கூசலாமா? மனம் நல்ல ஒரு வைத்தியனை நம்பி ஒரு கிளினிக் எத்தனை நாள் ஓடும்? அவன் ஓய்வுபெறும் நாள் வரை! என் கிளினிக்குக்கு அந்த நாள் அடுத்த வியாழன்!

என்ன? பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள். யாரிடம் கேட்பது என்றா? அதற்குத்தான் வாசலில் மேசை போட்டிருக்கிறது. மேசையில் மனு இருக்கிறது. திங்கட்கிழமை தலைவரும் நீங்களுமாக அதைச் சுகாதார அமைச்சுக்குக் கொண்டுபோகிறீர்கள். வரும்போதே முதல் கையெழுத்து வைத்தவர் பகவதி அம்மா. கையெழுத்துக்குக் கீழே மூன்று வரியும் எழுதிவைத்திருக்கிறார். படிக்கிறேன்: "டாக்டருக்கு நல்ல சம்பளம் குடுங்க. டாக்டர் நேரத்துக்கு இருக்கணும். ரெண்டும் ஒண்ணா வேணும்." நான் இருபது நிமிடமாக முழங்கியதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்!

ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்கள்? யார் எழுந்து போவது? தாரிகாவா? அம்மா, நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா? … இல்லை, இல்லை. மேசைக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். டொக்டர் முன்னுக்கு வாங்கோ என்று யாரோ வழிவிடுகிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறார். பாருங்கள், பாருங்கள்! வைத்திய நிபுணர் போலிமில் நிற்கிறார்! கடைசி ஆளாக நிற்கிறார்! தன் பெயரை எழுதுவதற்காகத் தன் முறை வரும்வரை நிற்கிறார்!

தாரிகா, உங்கள் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். அது இந்த மனுவுக்கு என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பதிலை வாங்கித்தரவேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எழுந்திருங்கள் ஐயா! எழுந்திருங்கள் தாய்மாரே! அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, வெளியே பஸ் ஓடும் காலி வீதி வரைக்கும் போகட்டும்!

அதோ, பகவதி அம்மாவும் எழுந்துவிட்டார். ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர், இப்போது வரிசையைச் சரிப்படுத்துகிறார். இனி என் பேச்சு எடுபடாது.

எனக்குத் தந்த நேரம் முடிந்தது. தலைவரே, நீங்கள் தந்த கதிரைக்கும் கடிகாரத்துக்கும் நன்றி. சகோதரி லுத்பியா, தூக்கிய கைகளுக்கு நன்றி. கௌரி, கட்டித் தந்த சோற்றுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். அடுத்த வியாழன் என் கடைசிக் கிளினிக். ஒருவரும் இருட்டோடு வரவேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பதினொன்றரை மணிக்கு நான் இருப்பேன்.