கைப்பிடி காணாமல் போன கூரை ஜன்னல்

கதவைச் சாத்துங்க தம்பி, முதல்ல கதவைச் சாத்துங்க! சாரல் நடை முழுக்க அடிக்குது பாருங்க. ஒரு பெட்டிய வண்டியில வைக்கிறதுக்கு இவ்வளவு நேரம் கதவு தொறந்து கெடந்தா வீட்டுல இருக்கிற சூடெல்லாம் எங்க போகும்? தெருவுக்குத்தான போகும். தெருவுக்கா குளிருது?

ஆங்... இப்பச் சரி. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், ஏறுங்க ஏறுங்க, இனிமே இந்தப் படி அழுக்கானா என்ன, யார் ஏறப்போறா. மகன் உங்ககிட்ட விவரமாச் சொன்னான்ல? மாடி ரூம் சாமான் மட்டுந்தான். கீழ இருக்கிற எதுவும் அவனோடது இல்ல. நானும் கீழதான் இருக்கேன், தெரியாத்தனமா என்னையும் தூக்கி வண்டியில ஏத்திராதீங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. காலையிலயே மூணு பேரும் கிளம்பிப் போயாச்சு, அவன், அவன் பொண்டாட்டி, பேத்தி குட்டி. புது வீட்டுல தரை தொடைக்கணுமாம். இந்தத் தரையத் தொடைக்க இத்தன வருஷத்துல ஒருநாளாவது இப்படி விடிகாலையில எந்திரிச்சிருக்காளா? சரி, அதை விடுங்க. நான் ஒண்ணும் சொல்றதில்ல. நான் வாயே தொறக்கிறதில்ல.

பாத்து, பாத்து, தலை! இங்க கூரை சரிவா எறங்குது. மேல பாக்குறீங்கல்ல, அதான் அந்த மகராசன். கூரை ஜன்னல். எல்லாத்துக்கும் காரணம் அதுதான் தம்பி. சாமான நீங்க தூக்குறீங்க, ஆனா வீட்டக் காலி பண்ண வச்சது அந்தக் கண்ணாடி.

நீங்களே சொல்லுங்க, வருஷத்துல பாதி நாள் மழை பெய்யிற ஊருல யாராச்சும் கூரையில போயி ஓட்டை போடுவாங்களா? குடையில ஓட்டை போட்டா பைத்தியம்னு சொல்றோம்ல? என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தக் கூரையத் தொட ஒருத்தனுக்கும் துணிச்சல் வரல. இவ வந்தா. "அத்தை, ரூம் இருட்டா இருக்கு அத்தை, மேல ஒரு ஜன்னல் வச்சா வானம் தெரியும் அத்தை." வானத்துல என்ன இருக்கு? மேகம் இருக்கு. மேகத்துல என்ன இருக்கு? மழை இருக்கு. அதைப் படுத்துக்கிட்டுப் பாக்கணுமாம். என் மகன் அவ என்ன சொன்னாலும் தலையாட்டுவான். ஆளக் கூட்டிட்டு வந்து, ஓட்டப் பிரிச்சு, கட்டையை அறுத்து, கண்ணாடிய வச்சாச்சு. திருகுற கைப்பிடி ஒண்ணு. திருகுனா ஜன்னல் வெளிப்பக்கமா மெதுவாத் தூக்கும். காத்து வருமாம்.

அந்த அட்டைப்பெட்டிய அடியில பிடிங்க தம்பி, குட்டியோட பொம்மையெல்லாம் அதுலதான் இருக்கு. ம்... பாத்துப் போங்க. நானும் வர்றேன், கதவ நான்தான் சாத்தணும்.

...என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஒழுக ஆரம்பிச்சுச்சு. வச்ச அதே மழைக்காலத்துல! காலையில பாத்தா போர்வையெல்லாம் சொட்டுச் சொட்டா ஈரம். நான் விடுவேனா? பொருத்துன ஆளையே கூப்பிட்டேன். அவருக்கு நான் வச்ச பேரு பசைக்காரர். எதக் கேட்டாலும் கையில அந்தப் பசைக்குழாயோட நிப்பாரு, சிலிகானோ என்னமோ. சுத்தியும் வழிய வழியப் பூசிட்டுப் போனாரு. மறுநாள் காலையில சொட்டு. அடுத்து ஒருத்தர் வந்தாரு, தகரக்காரர். கண்ணாடியச் சுத்திக் கூரையில தகரப் பட்டை சொருகியிருக்கிறது தப்பாம், மேலப் பட்டை கீழப் பட்டை மேல ஏறணுமாம், இல்லாட்டித் தண்ணி உள்ள திரும்புமாம். எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசாப் போட்டாரு. ஒரு வாரம் கூரையில தடதடனு... என் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி. முடிச்சுட்டுப் போனாரு. சொட்டு! மூணாவதா கண்ணாடிக்காரர். ஒத்தக் கண்ணாடி ஆகாது, ரெட்டைக் கண்ணாடி போடணும்னு ஜன்னலையே கழட்டிட்டு வேற வச்சாரு. அதுதான் இப்ப நீங்க பாக்குறது. சொட்டு!

இதுல கூத்து என்ன தெரியுமா? மழையே இல்லாத அன்னிக்கும் சொட்டும். சத்தியமா! வெளிய போயிப் பாத்தா ஓடெல்லாம் காஞ்சு கெடக்கும். உள்ள வந்து பாத்தா கண்ணாடியில முத்து முத்தா நிக்கும். என் மகன் இருக்கானே, அவன் ஒருநாள் கூரையில ஏறி ஜன்னலையே தார்ப்பாயப் போட்டு மூடிட்டான். மறுநாள் காலையில... தார்ப்பாயையும் தாண்டிச் சொட்டுது தம்பி! "பாத்தியாடா, எப்பேர்ப்பட்ட மழைனு" அப்படிங்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பாக்குறான். "அம்மா, இது வெளித்தண்ணி இல்லம்மா, நம்ம வீட்டுத் தண்ணிதான். நீ மாடியில ஈரத்துணி போடுறல்ல, அந்த ஈரந்தான் போக வழியில்லாம கண்ணாடியில போயி நிக்குது"ங்கிறான். கேட்டீங்களா கதைய? பெத்த அம்மா காதுலயே பூ சுத்துறான். எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது. துணியில இருக்கிற ஈரம் ஏணி வச்சு ஏறிப் போயி கண்ணாடியில உக்காருதாம்!

ஆமா, துணி இங்கதான் போடுறேன். அந்தக் கொடி மூணும் நான் கட்டினதுதான். வேற எங்க போடுறது? வெளிய போட்டா மூணு நாள் ஆனாலும் காயாது. கீழ ஒரு ரூமுலயும் வெயில் கிடையாது. இங்கதான் ஹீட்டர் இருக்கு, இந்தக் கண்ணாடி வழியா வெளிச்சமும் வருது... சும்மா சொல்லக் கூடாது, வெளிச்சம் நல்லா வரும்.

தலைக்கு மேல இருக்கு பாருங்க, சட்டத்துல ஒரு நீள இடுக்கு, நாடா ஒட்டியிருக்கிறது. அது நான் ஒட்டுனது. காத்து போக விட்டதாம். ரூமுக்கு ஹீட்டர் போட்டுட்டு மேல இடுக்கு விட்டா என்னங்க அர்த்தம்? அந்தக் கண்ணாடிக்காரர் போனதும் கட்டில் மேல ஏறி நல்லா இழுத்து ஒட்டிட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஓரங்கூட உரியல. மூணு பேர் வேலை செஞ்சதுல ஒழுங்கா நிக்கிறது நான் செஞ்ச வேலை ஒண்ணுதான்.

மெத்தைய மடிச்சுக் கட்டிருங்க. கயிறு வேணுமா? கொடிக் கயித்தை அவுக்காதீங்க! அது இருக்கட்டும். இதுல தொங்குறது என்னோட ரெண்டு துணிதான் இன்னிக்கு. நேத்து வரைக்கும் குட்டியோட பாவாடை, காலுறை எல்லாம் தொங்கும், இடமே பத்தாது.

அவ என்ன பண்ணுவா தெரியுமா? நான் கீழ போனதும் நெட்டைக்காரி தரையில நின்னபடியே கையத் தூக்கி ஜன்னலத் திருகித் தொறந்துடுவா. எனக்கெல்லாம் கட்டில் மேல ஏறினாத்தான் எட்டும். தொறந்துட்டு மூணு பேரும் வரிசையாப் படுத்துக்குவாங்க. வானத்தப் பாக்குறதாம். "அப்பா அந்த மேகம் யானை, அம்மா அந்த மேகம் பஸ்." சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்கும் தம்பி. மேல போனா கீழ வர்றதே கிடையாது. நான் ஒருத்தி கீழ சமையல்கட்டுல உக்காந்து என்ன பண்றது? சுவரப் பாக்குறதா? சரி, துணி காஞ்சிருச்சானு பாத்துட்டு வருவோம்னு ஏறி வருவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை வருவேன். துணி இருந்தாத்தான மேல வரலாம்? சும்மா வந்து நின்னா "என்ன அத்தை, என்ன வேணும்"னு கேப்பா. மரியாதையாத்தான் கேப்பா. நான் திரும்பிப் படியெறங்கிடுவேன்.

வந்ததும் முதல் வேலையா ஜன்னலச் சாத்திடுவேன். குழந்தைக்குச் சளி பிடிக்காதா? அப்பவே இருமிக்கிட்டிருந்தா. நான் சாத்த, அவ தொறக்க, நான் சாத்த, அவ தொறக்க... அப்புறம் ஒருநாள் அந்தக் கைப்பிடி காணாமப் போச்சு.

ஆமா, காணாமப் போச்சு. அதைக் கழட்டி மாட்டலாம், சின்னதா, உள்ளங்கையில அடங்கும். அவ பொறுப்பு அவ்வளவுதான்! வீட்டையே பொரட்டிப் போட்டுத் தேடினாங்க. கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி, குட்டியோட பொம்மைப் பெட்டியில. நானும்தான் முட்டி வலியோட குனிஞ்சு குனிஞ்சு தேடினேன். அங்க இருக்காதுனு எனக்குத் தெரியும்... இல்ல, அங்க இருந்தா கண்ணுல பட்டிருக்குமேங்கிறேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? கட்டிலக் கழட்டுங்க, நட்டு பத்திரம்.

அதுக்கப்புறம் ஜன்னல் தொறக்கவே இல்ல. வேற கைப்பிடி வாங்கலாம்னு போனான், அந்த மாதிரி இப்ப வர்றதில்லையாம். சொட்டு ஜாஸ்தியாயிடுச்சு. அதோ, மூலையில கறுப்பாப் பூத்திருக்கே, அது அப்ப வந்ததுதான். குட்டிக்கு இருமல் நிக்கல. டாக்டர் "ரூம் ஈரமா இருக்கா"னு கேட்டாராம். அவ்வளவுதான். மறு வாரம் வீடு பாத்தாச்சுனு வந்து நிக்கிறான். என் மூஞ்சியப் பாக்காமச் சொல்றான். "நீயும் வாம்மா"னு சொன்னான். சொன்னான், இல்லனு சொல்ல மாட்டேன். நான்தான் கூரை ஒழுகாத வீட்டுக்கு எதுக்குடா நான்னு கேட்டுட்டேன். வாய் சும்மா இருக்குமா?

எல்லாம் ஏத்தியாச்சா? அவ்வளவுதானா? இந்த ரூமுல இவ்வளவுதான் இருந்துச்சா... நெறஞ்சு கெடந்த மாதிரி இருந்துச்சே.

தம்பி, இங்க வாங்களேன். ஒரு நிமிஷம். கண்ணாடியில கீழ ஓரத்துல பாருங்க, மூச்சு பட்ட மாதிரி மங்கலா இருக்கில்ல, அதுல கோடு தெரியுதா? ரெண்டு காது, மீசை. பூனை. குட்டி வரைஞ்சது. கட்டில் மேல ஏறி நின்னு தெனம் விரலால வரைவா. நான் தொடைச்சாலும் கண்ணாடி மங்கினதும் அதே எடத்துல மறுபடி வந்துரும். வெளிப்பக்கம் இல்ல தம்பி, உள்பக்கந்தான். ஆமா... உள்பக்கந்தான். மூணு பேரு வந்து பசையும் தகரமும் வச்சாங்க, ஒருத்தரும் இந்தப் பூனையப் பாக்கல.

சரி, உங்களுக்கு நேரமாச்சு. இருங்க, போயிராதீங்க, கீழ வாங்க. சமையல்கட்டு வரைக்கும் போயிட்டு வர்றேன்... வண்டிய எடுத்துராதீங்க!

...இந்தாங்க. சட்டைப் பையில போட்டுக்கங்க. என் மருமக கையில குடுங்க. மகன்கிட்ட வேண்டாம், அவகிட்ட. எங்க கெடச்சுதுனு கேட்டா, கட்டிலக் கழட்டும்போது கெடந்துச்சுனு சொல்லிருங்க. நீங்கதான் கழட்டுனீங்க, நீங்க சொன்னா நம்புவா. எல்லாரும் தேடினாங்கதான், நல்லாத்தான் தேடினாங்க, கண்ணுல படலனு சொல்லுங்க. இருங்க, இருங்க, குடுங்க இப்படி. மாவு ஒட்டியிருக்கு. தொடைச்சுத் தர்றேன். மாவு டப்பாவுல கட்டில் எப்படி வந்துச்சுனு கேக்கக்கூடியவ அவ.

புது வீட்டுல இது எதுக்கு ஆகும்னு கேக்குறீங்க. ஆகாது. அங்க சுவருல இருக்கிற சாதா ஜன்னல்தானாம். இது இந்த வீட்டு ஜன்னலுக்கு மட்டுந்தான் பொருந்தும். அதான் குடுத்து விடுறேன். எனக்கு எட்டாது, கட்டிலையும் நீங்க கொண்டுபோறீங்க. நெட்டைக்காரி வந்து தொறந்தாத்தான் உண்டுனு சொல்லுங்க. குட்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கெஞ்சினேன்னு சொல்லிராதீங்க. ரூமு நாறுது, பாட்டி திட்டுறானு சொல்லுங்க, போதும்.

கிளம்புங்க, மழை வலுக்குது. பாத்துப் போங்க, படி வழுக்கும். தம்பி, அந்தக் கதவ... சாத்திட்டுப்... இல்ல, வேண்டாம். விடுங்க, அப்படியே தொறந்து கெடக்கட்டும். சாரல்தான அடிக்கும். அடிச்சுட்டுப் போகுது.