கிழக்குப் பாத்தியில் ஒரு கூடு

— எத்தனை முட்டை?

— நாலு.

— நல்லாப் பாத்தியா? தண்ணிக்கோழி முட்டையா இருக்கப் போகுது.

— தண்ணிக்கோழி முட்டைல புள்ளி இருக்கும்மா. இது வெளுத்த நீலம். அதுவும் இல்லாம, மேல செந்நாரையே உக்காந்திருந்துச்சு. படகைப் பாத்துக் கழுத்தை நிமித்துச்சே தவிர எந்திரிக்கல.

— கிழக்குப் பாத்தியிலயா?

— கிழக்குப் பாத்தியில நட்டநடுவுல. ஒரே ஒரு கூடு.

— அடி என் தங்கமே! செந்நாரையா? நம்ம சதுப்புலயா? எட்டு வருஷம்டி! ஊர் குப்பையெல்லாம் வண்டி வண்டியாக் கொட்டின எடம். தண்ணி கருப்பா நுரைச்சுக் கெடக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டணும். அதுல இடுப்பளவுக்கு எறங்கி நட்ட கோரை. அந்தக் கோரையில செந்நாரை வந்து முட்டை விட்டிருக்குன்னா, பாரு, எனக்கு உடம்பே சிலிர்க்குது. நீ ஏன்டி எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கற?

— நாளைக்கு என்ன நாளுன்னு யோசிச்சுப் பாரும்மா.

— நாளைக்கு அறுப்பு.

— ஆமா.

— உக்காரு. அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. வெளில சாயத் தொட்டிகிட்ட யாரு இருக்காங்க?

— சித்தி மட்டும்தான். அருவா தீட்டிக்கிட்டு இருக்கு. காதுல விழாது.

— அவளுக்கா விழாது? ரெண்டு தெரு தாண்டி எவனாவது தும்மினா யாருன்னு பேர் சொல்லுவா. மெதுவாப் பேசு. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தக் குஞ்சு எப்போ பறக்கும்?

— முட்டை பொரிய நாலு வாரம். அப்புறம் பறக்க ஏழு வாரம். இப்பத்தானே இட்டிருக்கு.

— பதினோரு வாரமா? அதுக்குள்ள மழை வந்து தண்ணி ஏறிடுமே. கோரை சாஞ்சு அழுகிப் போயிடும். பாய்க்கும் ஆகாது, கூடைக்கும் ஆகாது.

— தெரியும்.

— மேக்குப் பாத்தி?

— போன வருஷம்தானே நட்டோம். முழங்கால் ஒசரம்கூட இல்ல.

— சரி, கூட்டைச் சுத்திப் பதினஞ்சு அடி விட்டுட்டு மிச்சத்தை அறுத்துக்கலாம்.

— அது மத்த பறவைக்கு. செந்நாரைக் கூடுன்னா பாத்தி முழுசையும் மூடணும். ஆள் சத்தம் கேட்டா அது முட்டையை விட்டுட்டுப் போயிடும்னு நம்ம கோரைச் சங்கத்துல சட்டம் எழுதும்போது சொன்னது யாரு?

— நான்தான். எல்லாரும் பதினஞ்சு அடி போதும்னாங்க. நான்தான் மேசையைத் தட்டிப் பாத்தி முழுசும்னு சொன்னேன். வராத விருந்தாளிக்கு என்ன வேணும்னாலும் எடுத்து வைக்கலாம்னு நெனச்சேனோ என்னவோ. இப்போ வந்து உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது.

— உன்னை இன்னும் பாக்கல. என்னைத்தான் பாத்துச்சு.

— வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல. பாய் வாங்கற கம்பெனிக்கு ஃபோன் போட்டு, இந்தத் தடவை சரக்கு லேட்டாகும்னு சொல்லிப் பாக்கலாமா?

— ஒம்பது மணிக்கே போட்டுட்டேன். கூடு கீடு எதுவும் சொல்லல, சும்மாதான் கேட்டேன். ஒரு வாரம்னா பரவால்ல, மூணு மாசம்னா வேற எடத்துல வாங்கிக்கறோம்னு சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுச்சு.

— மரியாதையாச் சொன்னா வயிறு நெறஞ்சிடுமா? வெளிலேருந்து கோரை வாங்கி நெய்யலாம்.

— அதுக்கு நம்ம சதுப்புக் கோரைப் பாய்னு சங்கத்துச் சீட்டு கட்ட முடியாது. சீட்டு இல்லேன்னா அவங்க எடுக்கவே மாட்டாங்க.

— எல்லாப் பக்கமும் நீயே யோசிச்சு, நீயே கதவைச் சாத்திட்டு வந்திருக்க. வனத்துறை ஆபீசர் எத்தனை மணிக்கு வர்றாரு?

— பதினோரு மணிக்கு. என் பறவைக் கணக்கு நோட்டைப் பாப்பாரு, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுவாரு, அறுப்புச் சீட்டு குடுப்பாரு.

— இப்ப மணி?

— பத்தேகால்.

— கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?

— தேதி. தண்ணி ஆழம். நீர்க்காகம் நாப்பத்திரெண்டு. தண்ணிக்கோழிக் கூடு ஆறு, ஆறுலயும் குஞ்சு பறந்துடுச்சு. அதுக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்கு.

— காலியாவே இருக்கட்டுமே.

— அம்மா!

— கத்தாத. எனக்கு மட்டும் இனிக்குதா இதைச் சொல்ல? இருபத்தாறு குடும்பம்டி. தறிக்காரம்மா கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு வானத்தைப் பாத்துப் படுத்திருக்கா, அறுப்பு முடிஞ்சாத்தான் ஓடு ஏறும். படகுக்காரரு பையனைப் படிக்கச் சேத்துட்டு வந்து நேத்துத்தான் ஊர் பூரா மிட்டாய் குடுத்தாரு. நான் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒரு பறவை உக்காந்திருக்கு, எல்லாரும் எந்திரிங்கன்னா?

— நீ சொன்னா கேப்பாங்க.

— கேப்பாங்க. அதான் பயமா இருக்கு. எதுத்துச் சண்டை போட்டாக்கூட நல்லா இருக்கும். தலையை ஆட்டிட்டு, மறுபடியும் இருட்டோட எந்திரிச்சு பஸ் ஏறி, எவன் வீட்டுப் படிக்கட்டையோ தொடைக்கப் போயிடுவாங்க. நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ என்னைப் பகல்ல பாத்திருக்கியா? நீ தூங்கும்போது போவேன், நீ தூங்கினப்புறம் வருவேன்.

— உன் கையில எப்பவும் பினாயில் வாசனை அடிக்கும்.

— அந்த வாசனைக்கே திரும்பிப் போகச் சொல்றியா?

— நோட்டுல ஒரு பொய் ஏறினாலும் சங்கத்தை இழுத்து மூடிடுவேன்னு நீதான் சொன்ன.

— சொன்னேன். என் வாயாலயே என்னைக் கட்டிப்போடு. நல்லாப் பொண்ணு பெத்திருக்கேன். பொய் எழுதச் சொல்லலடி, எழுதாம விடச் சொல்றேன். போன தடவை ஆபீசர் என்ன சொன்னாரு? உங்க நோட்டு மாதிரி சுத்தமான நோட்டை நான் பாத்ததே இல்லன்னாரு. உன் நோட்டைக் காட்டித்தான் இன்னும் நாலு ஊர்ல இதே மாதிரி சங்கம் ஆரம்பிச்சிருக்காரு. அவரு உன்னைச் சந்தேகப்படவே மாட்டாரு.

— அதைச் சொல்லாதம்மா.

— ஏன்? பெருமைதானே?

— தயவுசெஞ்சு அதை மட்டும் சொல்லாத.

— அக்கா! கதவை ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க? வேகற வெயில்ல அம்மாவும் பொண்ணும் உள்ள உக்காந்து என்ன ரகசியம்? கல்யாணப் பேச்சா? எனக்குச் சொல்லாம முடிச்சீங்க, நடுக்கூடத்துல உக்காந்து அழுது மானத்தை வாங்கிடுவேன், சொல்லிட்டேன் ஆமா.

— ஒண்ணும் இல்ல. நீ போய் அருவாளைப் பாரு.

— இருபத்தாறும் தீட்டியாச்சு. தலைமுடியை வெச்சா ரெண்டாப் போகும். அதுசரி, உன் மொகம் ஏன் சாயம் போன துணி மாதிரி இருக்கு? அடியே நோட்டுக்காரி, உங்க அம்மா சொல்ல மாட்டா. நீ சொல்லு.

— கிழக்குப் பாத்தியில செந்நாரைக் கூடு, சித்தி. நாலு முட்டை.

— ஏன்டி அவகிட்டச் சொன்ன?

— சித்திக்குத் தெரியாம செய்யணுமாம்மா? சித்திக்குத் தெரியாமயா?

— இரு, இரு. ரெண்டு பேரும் இருங்க. நோட்டுல எழுதியாச்சா?

— இன்னும் இல்ல சித்தி.

— ஏன் எழுதல? பேனால மை இல்லையா?

— அவ எழுதணும்னுதான் நிக்கறா. நான்தான் வேணாம்னேன்.

— நீயா? அக்கா, நீயா வேணாம்ன?

— நான்தான்.

— கொஞ்சம் தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டிக்குது... நாலு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் தண்ணிக்கோழிக் கூட்டுக்குப் பக்கத்துல ரெண்டு கட்டு அறுத்தாரு. ரெண்டே கட்டு. தெரிஞ்சுதான் அறுத்தாரு, இல்லேன்னு சொல்லல. தங்கச்சி புருஷன்னு பாக்காம, அத்தனை பேர் முன்னாடி அவரை ஒரு சீசன் முழுக்கத் தள்ளி வெச்ச. எங்க பங்கும் போச்சு. நான் உன் கால்ல விழுந்தேன். அப்போ நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லு. உன் பொண்ணும் கேக்கட்டும்.

— உனக்காக வளைச்சா நாளைக்கு எவளுக்காகவும் வளைக்கணும்னு சொன்னேன்.

— அப்புறம் அவரு கட்டட வேலைக்குப் போனாரு. சாரத்துலேருந்து விழுந்தாரு. இன்னிக்கும் சுவரைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு. அதுக்கு உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா அக்கா? உன் கூடவே எறங்கிக் கோரை அறுக்கல? நாள் பூரா நக்கலடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு?

— இப்பவாவது கேட்டுடு. அடிக்கணும்னா அடிச்சுடு. எனக்கு வேணும்.

— கேட்டா அவரு எந்திரிச்சு ஓடப் போறாரா? வெளில போய்க் கத்தலாம். என் புருஷனுக்கு ஒரு சட்டம், தலைவிக்கு ஒரு சட்டமான்னு நடுத்தெருவுல நின்னு கத்தலாம். தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. கத்தினா என்ன ஆகும்? அறுப்பு நின்னுடும். நின்னா அவரு மருந்துக்கு நான் எங்க போவேன்? என் நியாயத்தைக் கேக்கக்கூட எனக்கு வக்கில்லக்கா.

— அழாத. நீ அழுதா என்னால தாங்க முடியாது.

— யாரு அழறா? கோரைத் தூசி, சொல்லிட்டேன் ஆமா. அடியே நோட்டுக்காரி, இங்க திரும்பு. உங்க அம்மா சொல்லி நீ எழுதாம விட்டா அது தப்பு. நான் சொல்லி விட்டா எவனும் வாயைத் திறக்க முடியாது. இந்தச் சட்டத்தால அடிபட்டவ நான். நான் சொல்றேன், எழுதாத.

— சித்தி, வேணாம்.

— நாளைக்கு நானே மொதல்ல எறங்கறேன். கூட்டுப் பக்கம் ஒரு ஈ காக்காயை விடாம நான் நின்னுக்கறேன். எல்லாரையும் வாயை மூடிக்கிட்டு அறுக்கச் சொல்றேன். என்னையும் சேத்துத்தான், நம்பு. அதுவும் பொழைக்கட்டும், நாமளும் பொழைப்போம்.

— நடக்காது சித்தி. இருபத்தாறு அருவா சத்தம் கேட்டா, மொதல்ல கழுத்தை நீட்டிப் பாக்கும். அப்புறம் எந்திரிச்சுப் போயிடும். சாயங்காலம் வரைக்கும் மேல சுத்தும், ஆனா எறங்காது. மறுநாள் முட்டை சில்லுன்னு கெடக்கும்.

— ஏதோ பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்ற.

— ஜீப் சத்தம் கேக்குது பாருங்க.

— சீக்கிரமே வந்துட்டாரே மனுஷன். பாலத்துகிட்டயா?

— பாலத்தைத் தாண்டிட்டாரும்மா.

— கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நான் யார்கிட்டயும் கெஞ்சினவ இல்ல. குப்பை வண்டிக்கு முன்னாடி படுத்தப்போகூடக் கெஞ்சல. இப்போ உன்கிட்டக் கெஞ்சறேன். இந்த ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம். அதுக்குள்ள மேக்குப் பாத்தி வளந்துடும், அடுத்த வருஷம் கிழக்கை மூடிட்டு அங்க அறுத்துக்கலாம். செந்நாரை இப்பத்தான் மொத மொதல்ல வந்திருக்கு. எடம் தெரிஞ்சுக்கிச்சு, இனிமே வருஷா வருஷம் வரும். அப்போ நானே உன் பக்கத்துல நின்னு எழுத வெக்கறேன்.

— நானும் இதேதான் சொல்லிக்கிட்டேன்மா.

— என்ன சொல்லிக்கிட்ட?

— ஒரே ஒரு வருஷம்னு. சித்தப்பா விழுந்ததுக்கு அடுத்த வருஷம்தானே நோட்டை என் கையில குடுத்த? அன்னிக்குக் காலைல சித்தி வீட்டு வழியாத்தான் படகுக்குப் போனேன். சித்தப்பா பாயில கெடந்தாரு. சித்தி எனக்குத் தெரியாம அடுப்பை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அடுப்புல ஒண்ணுமே இல்ல. அதைப் பாத்துட்டு நேரா கிழக்குப் பாத்திக்குப் போனேன். செந்நாரை உக்காந்திருந்துச்சு. எழுதினா இருபத்தாறு வீட்டு அடுப்பும் அப்படி ஆயிடும்னு தோணுச்சு. எழுதல.

— என்னடி ஒளர்ற?

— அடுத்த வருஷமும் எழுதல. அதுக்கு அடுத்த வருஷமும் எழுதல. அறுக்கற ஆளுங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி நானே கூட்டைப் பிரிச்சுத் தண்ணில விட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டச் சொன்னா நீ அறுப்பை நிறுத்திடுவேன்னு நெனச்சேன்மா. நீ நிறுத்துவேன்னுதான் இன்னிக்குச் சொன்னேன்.

— கடவுளே.

— அக்கா, நீ ஏன் இடிஞ்சு போய் உக்காந்துட்ட? நல்லாக் கேட்டியா அவ சொன்னதை? மூணு வருஷமா நாம அறுத்திருக்கோம், அது பாட்டுக்கு வந்து கூடு கட்டியிருக்கு! அறுத்தாலும் அது போகலக்கா! அப்போ இந்த வருஷம் அறுத்தா மட்டும் என்ன ஆகிடப் போகுது? அடியே, இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?

— மொத வருஷம் ஒம்பது கூடு இருந்துச்சு, சித்தி.