பஞ்சுப் பனி

அன்று குடோனில் இருந்தவர்கள்: பாட்டைப் படமாக எடுத்த நான், காதலனாக நடித்த ஜெபின், அவனுக்கு ஜோடி கல்பனா, ஸ்பீக்கரையும் மின்விசிறிகளையும் பார்த்துக்கொண்ட சிவபாண்டி. நாலு டீ வாங்கினோம். ஜெபின் சர்க்கரை பத்தாது என்றான்.

ஆல்பம் பாட்டுக்கென்று சில வழக்கங்கள் உண்டு, ஐயா. காதலி திரும்பிப் பார்த்தபடி ஓடுவாள். புகை வரும். மழை வரும், இல்லையென்றால் பனி கொட்டும். கடைசியில் காதலன் சாவான். இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. ஆனால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜெபினின் முகம் தெரிந்தது இப்படி நான் எடுத்த பாட்டுகளால்தான்.

டீ குடிக்கும்போது, இனி மதுரையில் வேறு ஆட்களோடு நடிக்கப் போவதாகச் சொன்னான்.

"ஆறு பாட்டுல ஆறு தடவ சாகடிச்சிட்டீகண்ணே. இனி மதுரையில போயி உசுரோட இருக்கேன்."

கல்பனா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் ஊரில் பனி ஏது? பஞ்சுதான். குடோனில் வேஸ்ட் பஞ்சு குவிந்து கிடந்தது. மில்லில் நைட் ஷிப்டை நான் விட்டதே அந்தத் தூசியால்தான். நெஞ்சுக்குள் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஜெபினுக்கு வீசிங் இருப்பதும் தெரியும். அவன் சட்டைப் பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது. ஷாட்டில் அசிங்கமாகத் தெரியும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஸ்லோமோஷனுக்குப் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். நடிப்பவன் அதற்கு ஈடாக வாயசைப்பான். அவன் குரலை யாரும் பதிவு செய்வதில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது.

நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். நான் சன்னல் கண்ணாடி வழியாகப் படம் பிடித்தேன். விசிறிகள் ஓடின. பனி நன்றாகக் கொட்டியது. ஜெபின் நெஞ்சைப் பிடித்தான். கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, அவன் வாய் பாட்டோட சேரலையே" என்றாள் கல்பனா.

"வேகமா ஓடுதுல்லா, அப்படித்தான் தெரியும்" என்றேன்.

அவன் வாய் அசைந்தது என் பெயருக்கு. பாட்டில் என் பெயர் கிடையாது.

கடைசிச் சரணத்தில் விழுந்தான். காதலன் சாக வேண்டிய இடமும் அதுதான். சிவபாண்டி கைதட்டினான். இன்னொரு முறை பாட்டைப் போடச் சொன்னேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பஞ்சு வெளியே பறந்தால் மற்ற இரண்டு பேருக்கும் ஆகாது. கூட வேலை செய்கிறவர்களை நான் அப்படி விட்டுவிடுகிறவன் இல்லை. அதனால்தான், ஜெபின் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினேன்.