சொன்னபடியே வந்தது

நாணயத்தை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் ஐயா. உங்கள் மேசையில் இருக்கிற அந்த வெள்ளிக் காசை நீங்கள் முகத்தில் பெருவிரலை வைத்துத் தூக்கினீர்கள். தப்பில்லை, பழக்கமில்லாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் தூக்குவார்கள். விரலின் எண்ணெயும் வேர்வையும் அதில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து உங்கள் ரேகை பழுப்பாக எழும்பி வரும். அப்புறம் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது.

அந்த ஏட்டம்மா எழுதிக்கொள்ளத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் காயலான் கடையில் இருந்தேன். செம்பு வேறு, பித்தளை வேறு, ஈயம் வேறு என்று குவியலைப் பிரிக்கிற வேலை. உள்ளங்கையில் வைத்தாலே இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குத் தராசு என்று பெயர் வந்தது. பெயர்தான் பெரிது. கூப்பிடுவது எல்லாம் டேய்தான். என் அப்பாவும் அதே கடையில் மூட்டை தூக்கியவர். அவர் செத்த அன்றைக்கு முதலாளி மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, "அவன் நல்லா உழைச்சான்" என்றார். அறுபத்திரண்டு வயதுப் பிணத்தைக்கூட அவர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

செம்புக் குவியலில் பழைய காசுகள் வரும். முதலாளிக்கு அதுவும் செம்புதான், கிலோக் கணக்குதான். ஒருநாள் ஒரு காசைக் கேட்டு வாங்கி, என் மனைவியின் போனில் படம் எடுத்து, பழைய பொருள் விற்கிற தளத்தில் போட்டேன். மூன்றாம் நாள் விற்றுப்போனது. வாங்கியவர் திருப்தி என்று பச்சைக் குறி போட்டு ஒரு வரி எழுதியிருந்தார். "மரியாதையான மனிதர், சொன்னபடியே வந்தது." அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். மனைவியை எழுப்பி அவளையும் படிக்கச் சொன்னேன். "உங்களையா சொல்றாங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள்.

கடையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பச்சைக் குறி. ஒரு சிவப்பு கிடையாது. என் பெயருக்குப் பக்கத்தில் நூறு சதவீதம் என்று நிற்கும். இந்தத் தொழிலில் முகம் தெரியாது, குரல் தெரியாது, அந்த எண் ஒன்றுதான் ஆள். நான் அதற்குத் தகுந்தவனாகத்தான் இருந்தேன். விளிம்பில் ஒரு சொட்டை இருந்தால் எழுதுவேன். எழுத்து தேய்ந்திருந்தால் எந்த எழுத்து என்று எழுதுவேன். காசு விற்பவர்களும் சேகரிப்பவர்களும் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பூதக்கண்ணாடி என்று ஒரு வியாபாரி உண்டு. "தராசு பொண்ணு பாக்கப் போனாக்கூட முதல்ல தன் வழுக்கையைத்தான் சொல்லுவான்" என்று எழுதுவான். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

போன வருடம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்தார்கள். சிறு வயதிலிருந்து தூக்கிய கனம், உள்ளே கிழிந்துவிட்டது. ஐந்து நாள் வார்டில் கிடந்தேன். அதற்கு முன்பாக முப்பத்து நாலு வெள்ளிக் காசுகள் ஒரே வீட்டிலிருந்து மொத்தமாக வாங்கியிருந்தேன். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் கதிர்க்கட்டு. எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என் மனைவி ஒரு மருத்துவமனைக் கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறாள். இருபது வருடமாக. அவள் கையில் எது கிடைத்தாலும் பளபளவென்று ஆகிவிடும். நான் இல்லாத ஐந்து நாளில் அந்தப் பெட்டியைத் திறந்து, பற்பசையும் பழைய துணியும் வைத்து, முப்பத்து நாலு காசையும் தேய்த்திருக்கிறாள். நான் வீடு திரும்பியதும் தட்டில் கொட்டிக் காட்டினாள்.

"பாருங்க, புதுசு மாதிரி ஆக்கிட்டேன். கையே மரத்துப் போச்சு. படுத்து எந்திரிச்சு வந்தா சந்தோஷப்படுவீங்கன்னுதான்."

பழைய வெள்ளியின் மேல் இருக்கிற கருமை அழுக்கு இல்லை ஐயா. அது அந்தக் காசின் தோல். நூற்றைம்பது வருடத்தில் தானாகப் படிவது. அதை உரித்துவிட்டால் மிச்சம் வெறும் வெள்ளித் துண்டு. துலக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். இது எங்கள் தொழிலில் ஆனா ஆவன்னா. ஒன்பது வருடம் அவள் கண்முன்னால் இந்தத் தொழிலைச் செய்தும் இதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் கோபப்படவும் இல்லை. "நல்லாருக்கு" என்றேன். தையல் பிரியாமல் மெதுவாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கருமையைத் திரும்ப வரவழைக்க வழி உண்டு. அதை இங்கே சொல்ல வேண்டாம், தொழில் கெட்டுவிடும். முன்பு எடுத்த படங்களையே போட்டேன். படம் அதே காசின் படம்தான், எடையில் ஒரு மில்லிகிராம் பொய் இல்லை. "துலக்கப்படாதது" என்று ஒரு வரியை வழக்கமாக எல்லா விளம்பரத்திலும் சேர்ப்பேன். பழைய விளம்பரத்தை நகல் எடுத்ததில் அந்த வரியும் கூடவே வந்துவிட்டது. முப்பத்து மூன்று பேர் வாங்கி, முப்பத்து மூன்று பேரும் பச்சை போட்டார்கள். பொருளில் குறை இருந்தால் அத்தனை பேர் போடுவார்களா என்று நீங்களே யோசியுங்கள்.

முப்பத்து நாலாவது ஆள்தான் நீங்கள் விசாரிக்கிற இந்தப் பெரியவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புக் குறி போட்டு ஒரே வரி எழுதியிருந்தார். "தேய்த்து, மறுபடி கருக்கப்பட்ட காசு. விற்றவருக்குத் தெரியும்."

நூறு என்பது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஆனது. வித்தியாசம் ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றும். உங்களை எல்லோரும் எழுந்து நின்று சார் என்கிறார்கள். அன்று மாலையே பூதக்கண்ணாடி, "என்னப்பா தராசு, முள்ளு ஒரு பக்கமா சாயுதே" என்று குழுவில் போட்டான். நாற்பது பேர் சிரித்து வைத்தார்கள். நான் மறுபடி அந்தக் குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பது போலவும், யாரோ பின்னாலிருந்து டேய் என்பது போலவும் இருந்தது.

தளத்தின் விதிப்படி குறியைப் போட்டவர் மட்டும்தான் மாற்ற முடியும். பார்சல் அனுப்பியதால் முகவரி இருந்தது. காசுக்கு அவர் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். காலை பத்து மணி, வெளிச்சமான நேரம். தப்பு செய்யப் போகிறவன் அந்த நேரத்திலா போவான்.

மூன்றாவது மாடி. மகள் வேலைக்குப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னதும் பெரியவர் முகம் சுளிக்கவில்லை. "உள்ள வாங்க தம்பி, மூணு மாடி ஏறிட்டீங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். வாங்க என்றார், என்னை. நாற்காலியைக் காட்டினார். ஜன்னலோரம் மேசை, மேசையில் விளக்கு, விளக்கின் கீழே லென்ஸ். காசை ஓரத்தில் பிடித்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். அழகாகப் பிடித்தார், நான்கூட அப்படிப் பிடிக்க மாட்டேன். கருமைக்கு அடியில் மயிரிழைக் கீறல்கள், எல்லாம் வட்டவட்டமாக.

"இது மெஷின் இல்ல. பாத்திரம் தேய்க்கிற கை. உங்க வீட்டம்மாவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்த அம்மா மேல தப்பே இல்ல. தெரியாம தேய்ச்சுட்டாங்க. மேல கருப்பு ஏத்தினது யாரு, பழைய போட்டோவைப் போட்டது யாரு? நாப்பது வருஷம் அடுத்தவன் தப்பைத் திருத்தியே சாப்பிட்டவன் தம்பி நான். தப்பு பண்ணினவன் மேல எனக்குக் கோபமே வந்ததில்ல. தெரிஞ்சும் அச்சுக்கு அனுப்பினான் பாருங்க, அவன்தான் எனக்கு ஆகாது."

பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. மற்ற முப்பத்து மூன்று பேருக்கும் உண்மையை எழுதினால் தன் குறியை அன்றைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார். நியாயமாகத்தான் பேசினார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு சிவப்பை எடுக்க முப்பத்து மூன்று சிவப்பை வாங்கு என்கிறார். அதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று கை காட்டினார். அலமாரிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் மாரடைப்பு என்றார், அது சரிதான். நான் அவர் மேல் கை வைக்கவில்லை. கொண்டுபோன பணத்தை லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டேன். பணம் வைக்காமல் எடுத்தால் அது திருட்டு. மகள் அந்தப் பணத்தை அப்பாவின் சேமிப்பு என்று நினைத்திருக்கிறார். மறுநாள் குழுவில் அவர் இறந்த செய்தி வந்தது. நானும் இரங்கல் எழுதினேன். நான் வருத்தப்பட்டது உண்மை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள், "என்ன சொன்னார்?"

"மாத்திட்டார்" என்றேன்.

"நல்ல மனுஷர்" என்றாள்.

எட்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் அவள் அழுக்குத் துணியை ஊறவைக்கப் போனாள். ஊறவைப்பதற்கு முன் பைகளைத் துழாவுவது அவள் பழக்கம். என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. இது யாருடையது என்று மறுநாள் கேட்டாள். என்னுடையது என்றேன். "உங்களுக்குக் கிழிஞ்சது வயிறு, நெஞ்சு இல்லையே" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். அட்டையை முன்பே மருத்துவமனையில் ஒரு நர்ஸிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைப்பது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பெரியவர் மாரடைப்பில் போன செய்தியை அவளிடம் சொன்னதும் நான்தான்.

உங்களிடம் அதைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். நான் காசு போடுகிற பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு, ஓரத்தில் பிடித்துக் கொண்டுவந்தாளாமே. கையில் கிடைத்ததையெல்லாம் தேய்க்கிறவள் இதை மட்டும் தேய்க்கவில்லை. அவளிடம் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லித் தராததை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாளே என்றுதான் இருக்கிறது.

சரி, விட்டதைச் சொல்லிவிடுகிறேன். குறையை மறைத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மாத்திரையை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். மேசையிலிருந்த அவர் போனை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். "மாத்திடுங்க சார், தர்றேன்" என்றேன். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ஒரு பொருளைக் கேட்டேன், பதிலுக்கு ஒரு பொருள் என் கையில் இருந்தது. எங்கள் தொழிலில் நாள் முழுக்க நடப்பது இதுதான்.

அவர் போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். போனை எடுத்தார். எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். வைத்த கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

அது அவருடைய முடிவு. நான் காத்திருந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது, பதினொரு நிமிடம். நடுவில் இரண்டு தடவை வாயை அசைத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து எழுந்து கொடுத்தேன். அவரால் விழுங்க முடியவில்லை. மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு போனை அவர் கைக்கு அடியிலிருந்து எடுத்தேன். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. காசின் முகத்தில் ஒருநாளும் விரல் படவிடாதவன் நான். அவருடைய பெருவிரலைப் பிடித்துப் போனின் கண்ணாடியில் அழுத்தினேன். முதல் தடவை திறக்கவில்லை. அவர் சட்டையிலேயே விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், திறந்தது. சிவப்பைப் பச்சையாக்கினேன். என்ன எழுதுவது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. "மரியாதையான மனிதர், சொன்னபடியே வந்தது."

மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பிழைத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குறியைத் தளத்தில் சொல்லி எடுக்கச் சொல்லிவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் காசு பார்க்கத் தெரியாது, பச்சை போட்டுவிட்டுப் போனார்கள். தொழில் தெரிந்த ஒருவர் என்னை மரியாதையான மனிதர் என்று சொன்னது அது ஒன்றுதான்.