ரெண்டு விசில்

டிரைவர்: ஊதாதய்யா. செருப்பே இன்னும் மாட்டல.

கண்டக்டர்: முப்பது வருஷமா உங்களோட இதே ரோதனைண்ணே. என்னிக்காவது டைமுக்கு வண்டி எடுத்திருக்கீங்களா?

டிரைவர்: லேட்டா எடுத்தாலும் டைமுக்குக் கொண்டு போய்ச் சேத்தேனா இல்லையா?

கண்டக்டர்: சேத்தீங்க. உள்ள இருந்த ஜனம் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்துச்சு.

டிரைவர்: கம்பியைத்தான் பிடிச்சிருந்தாங்க... சரி, மாட்டியாச்சு. வாசப்படிகிட்ட நிக்கறேன். அடி.

கண்டக்டர்: பீப்... பீப்.

டிரைவர்: என்ன இது, குருவி கத்தற மாதிரி? நீட்டி அடி. உதட்டைக் குவிச்சு, அடிவயித்துலேர்ந்து. இல்லேன்னா காலுக்குக் கேக்காது.

கண்டக்டர்: காலுக்குக் காது வேற முளைச்சிருக்கா... பீஈஈப். பீஈஈப்.

டிரைவர்: ஆங். கிளம்பிருச்சு பாரு.

கண்டக்டர்: வலது கால்... ம். பெரிய அடியா வைங்க. கையை வீசுங்க. பிசியோ பொண்ணு என்ன சொல்லுச்சு?

டிரைவர்: ஓட்டுறப்போ கையை வீசியிருந்தா வேலை போயிருக்கும். இப்ப வீசலேன்னா திட்டு.

கண்டக்டர்: இன்னிக்கு வீசியே ஆகணும். இன்னிக்கு உங்களுக்கு எஃப்.சி.

டிரைவர்: தெரியும். வருஷா வருஷம் பஸ்ஸைக் கொண்டு போய் நிறுத்துவோமே... பிரேக் பிடிக்குதா, லைட்டு எரியுதான்னு பாப்பாங்களே. அந்த மாதிரி அந்தப் பொண்ணு என்னை நடக்க விட்டுப் பாக்கப் போறா.

கண்டக்டர்: நீங்க பாஸ்தாண்ணே.

டிரைவர்: நடுவுல கதவுகிட்ட கால் ஒட்டி நின்னுட்டேன்னு வை, அடுத்த வாரமே பையன் வந்து நிப்பான். அவன் வீட்டுல கீழ் ரூம் எனக்காம். சக்கர நாற்காலிகூட வாங்கி வச்சுட்டான்யா. குஷன் போட்டதாம்.

கண்டக்டர்: குஷனா... நம்ம பஸ்ல உங்களுக்கு இருந்தது கிழிஞ்ச ஸ்பாஞ்சுதான்.

டிரைவர்: அது டிரைவர் சீட்டு. இது தள்ளிட்டுப் போற சீட்டு. எனக்கு வேணாம்.

கண்டக்டர்: நல்ல பையன்தாண்ணே. அப்பாவுக்கு நடுக்குவாதம், தனியா இருக்காரேன்னு பயப்படறான். ஆனா... நீங்க போயிட்டா நான் யாருக்கு விசில் அடிக்கறது? வீட்டுல அடிச்சா உங்க தங்கச்சி கரண்டியோட வர்றா.

டிரைவர்: அதுக்காகவாவது நான் பாஸ் பண்ணணும். நீ அடி வாங்கினா எனக்குத் தாங்காது.

கண்டக்டர்: கிண்டலா? சரி சரி... அடுத்து மருந்துக்கடை... இறங்கறவங்க எல்லாம்... முன்னாடி... வாங்க...

டிரைவர்: நில்லுய்யா. ஒட்டிக்கிச்சு.

கண்டக்டர்: ஒட்டி... க்கிச்சா?

டிரைவர்: ரெண்டு காலும். பசை போட்ட மாதிரி.

கண்டக்டர்: சரி... அவசரமில்ல... நில்லுங்க. நான் இப்படி... இந்தச் சுவத்துல சாஞ்சுக்கறேன்.

டிரைவர்: நல்லா சாய். இது இப்போதைக்கு எடுக்காது போலிருக்கு.

கண்டக்டர்: விசில்... அடிக்கவா?

டிரைவர்: வேணாம் வேணாம். உடனே இழுத்தா தலைகுப்புற விழுவேன். கொஞ்சம் இரு. ஏதாவது பேசு... இல்ல, நானே பேசறேன். அந்த பேங்க் வாசல் ஞாபகம் இருக்கா?

கண்டக்டர்: மறக்குமா... கண்ணாடிக் கதவுக்கு நடுவுல நின்னுட்டீங்க.

டிரைவர்: உள்ள வர்றவனும் வர முடியல, வெளிய போறவனும் போக முடியல. காவலுக்கு நின்னவன் எங்கிட்ட வந்து, சார் யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு கேக்கறான். என் காலுக்காகத்தான் காத்திருக்கேன்னேன்.

கண்டக்டர்: பின்னாடி ஒரே சத்தம். எனக்குப் பழைய புத்தி வந்துருச்சு. சாவிக்கொத்துல கெடந்த விசிலை எடுத்து ரெண்டு ஊது. நீங்க பாட்டுக்கு ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளம்பிட்டீங்க.

டிரைவர்: மேனேஜரே எழுந்து நின்னு பாத்தாரு.

கண்டக்டர்: பிசியோ பொண்ணுகிட்ட சொன்னப்போ அதுகூட சிரிக்கல. மூளை சொல்றது காலுக்கு எட்டல, வெளியிலேர்ந்து ஒரு தாளம் கேட்டா எட்டுது, விடாம செய்யுங்கன்னுச்சு.

டிரைவர்: இப்ப எப்படி இருக்கு?

கண்டக்டர்: கால் உங்களோடது. என்னைக் கேக்கறீங்க?

டிரைவர்: அதான்யா... லேசா விட்டுக்குடுக்குது. அடி. நீட்டி.

கண்டக்டர்: பீஈஈஈப். பீஈஈஈப்.

டிரைவர்: இதுக்குப் பேருதான் விசில். ஆமா, உன் இருமலுக்கு டாக்டர் என்னமோ ஒரு டப்பா குடுத்தாராமே? மூணு பந்து போட்டது?

கண்டக்டர்: அதுவா... மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கணுமாம். பேரன் வச்சு விளையாடறான்.

டிரைவர்: நல்லது. அவனுக்காவது நெஞ்சு பலமாகட்டும்.

கண்டக்டர்: எனக்கென்னண்ணே குறைச்சல்? அந்தக் காலத்து டீசல் புகை கொஞ்சம் உள்ள தங்கிருச்சு.

டிரைவர்: சிகரெட் புகையைச் சொல்லு. பாதியை நான்தானே வாங்கிக் குடுத்தேன்.

கண்டக்டர்: அது போகட்டும். நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதே உங்க துணைக்கு. இதோ... மேடு வந்துருச்சு. ஏறினா ஆஸ்பத்திரி... கையை வீசுங்க... நெஞ்சை... நிமித்தி... அண்ணே...

டிரைவர்: யோவ். மறுபடியும் ஒட்டிக்கிச்சு.

கண்டக்டர்: மேட்டுலயா?

டிரைவர்: மேட்டுலதான். என்ன பண்றது, கால் இடம் பாத்தா ஒட்டுது?

கண்டக்டர்: நல்லவேளை... இல்ல, நல்லவேளை விழாம... நின்னீங்கன்னு சொல்ல வந்தேன்.

டிரைவர்: எனக்கு வேற வழி? நின்னுதான் ஆகணும். பேசாதே. நீ பேசினா எனக்குக் கவனம் சிதறுது.

கண்டக்டர்: ம்.

டிரைவர்: மூச்சை மெதுவா விடு.

கண்டக்டர்: நானா?

டிரைவர்: நான் எனக்குச் சொல்லிக்கறேன்யா. நீயும் வேணும்னா விடு, சும்மாதானே நிக்கறே... ம். இப்ப அடி.

கண்டக்டர்: பீஈஈஈஈப்...

பிசியோ: நிறுத்துங்க, நிறுத்துங்க. ஆஸ்பத்திரி வாசல்ல விசிலா? உள்ள படுத்திருக்கறவங்க எல்லாம் பஸ் வந்துருச்சுன்னு எழுந்து வந்துடப் போறாங்க.

கண்டக்டர்: எழுந்து வந்தா நல்லதுதானேம்மா. இவருக்கு இன்னிக்கு டெஸ்ட். விசில் இல்லாம இவரு கதவைத் தாண்ட மாட்டாரு.

பிசியோ: உள்ள விசில் கூடாது.

கண்டக்டர்: மெல்லமா ஒண்ணே ஒண்ணு?

பிசியோ: கூடாது.

கண்டக்டர்: ஒரு தடவை "ரைட்"னு சொன்னா போதும்மா...

பிசியோ: அதுவும் கூடாது. எப்பவும் வெளிய உக்காருவீங்களே, இன்னிக்கு உள்ள வாங்க. இந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க. வாயைத் திறக்கக் கூடாது. அய்யா, நாற்காலியிலேர்ந்து எழுந்து, அந்தக் கதவைத் தாண்டி, ஜன்னலைத் தொட்டுட்டுத் திரும்பி வரணும். பக்கத்துல நான் இருப்பேன், பிடிக்க மாட்டேன்.

டிரைவர்: சரிம்மா. யோவ், முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே? டெஸ்ட் எனக்கு.

கண்டக்டர்: போங்கண்ணே. விசிலைப் பையில போட்டுட்டேன்.

பிசியோ: எழுந்திரிங்க அய்யா.

கண்டக்டர்: எழுந்துட்டாரு... வலது கால்... கையை வீசுங்க, கையை...

பிசியோ: வாயைத் திறக்கக் கூடாதுன்னேனே.

கண்டக்டர்: தெரியாம வந்துருச்சும்மா. கதவு... அய்யோ, கதவு... தாண்டிட்டாரு. தாண்டிட்டாரும்மா. ஜன்னலைத் தொட்டுட்டாரு... திரும்பறப்போ பாத்து, திரும்பறப்போதான் ஒட்டும்... திரும்பிட்டாரு. மறுபடியும் கதவு... வந்துட்டாரு.

டிரைவர்: யோவ், ஏன்யா அழறே?

கண்டக்டர்: சந்தோஷம்ணே. நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. அந்தக் குஷன் நாற்காலியே கண்ணுக்குள்ள வந்துச்சு.

பிசியோ: இவர் பையன்கிட்ட நானே பேசறேன். நாற்காலியைத் திருப்பிக் குடுத்துடச் சொல்றேன். இந்த வியாதிக்கு விடாம நடக்கணும், அவ்வளவுதான். சரி, அடுத்து நீங்க எழுந்திரிங்க.

கண்டக்டர்: யாரு, நானா?

பிசியோ: நீங்கதான். உங்களையும் நடக்க வைக்கச் சொல்லி உங்க நுரையீரல் டாக்டர் நேத்தே சொல்லிட்டாரு. உங்க வீட்டம்மாவும் வந்து சொன்னாங்க. இந்த வராந்தாவோட அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வரணும்.

கண்டக்டர்: அம்மா... அண்ணனை வச்சுக்கிட்டு இதையெல்லாம்...

டிரைவர்: சொல்லுய்யா. நானும் கேக்கறேன்.

கண்டக்டர்: என்னத்தச் சொல்ல. நுரையீரல்ல அடைப்புன்னுட்டாருண்ணே டாக்டர். நாலடி வச்சா மூச்சு முட்டுது. பயந்துபோய் கட்டிலை விட்டே எறங்காம கெடந்தேன். நீங்க போன் பண்ணி, கால் ஒட்டிக்குது, விசில் அடிக்க வாடான்னீங்க. உங்களுக்காகத்தான் எழுந்தேன். உங்ககிட்ட சொன்னா வர வேணாம்னுடுவீங்களேன்னு சொல்லல.

பிசியோ: அவர் வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் நடக்கறவருக்கு இந்த வராந்தா எம்மாத்திரம்?

கண்டக்டர்: அது வேறம்மா. வழி நெடுக இவருக்குக் கால் ஒட்டிக்கும். அந்த நேரத்துல நான் மூச்சு வாங்கிக்குவேன். இங்க யாரு எனக்காக நடுவுல நிக்கப் போறா?

பிசியோ: இன்னுமா கால் ஒட்டிக்குது? இவருக்கா? மாத்திரை மாத்தினப்புறம் இங்க ஒரு தடவைகூட நின்னு நான் பாக்கலையே. இப்பகூடப் பாத்தீங்களே.

கண்டக்டர்: இல்லம்மா, இப்ப வர்றப்போகூட... மருந்துக்கடைகிட்ட... அந்த மேட்டுல... அண்ணே? ஒட்டிக்கிச்சுன்னீங்களே?

டிரைவர்: உனக்கு எப்பெல்லாம் மூச்சு வாங்குச்சோ, அப்பெல்லாம்தான்யா எனக்குக் கால் ஒட்டிக்கிச்சு. எழுந்திரு. விசிலை இப்படிக் குடு.